மூர்த்தி ஊற்றிய ஒயில்

வினாயகமூர்த்தியின் கார் உழவு மெசினுக்குப் பின்னால் கயிற்றில் இழுபட்டு வந்து சேர்ந்தது. களுவாஞ்சிக்குடிப் பக்கமிருந்து மட்டக்களப்புக்கு இருபது மைல். கல்லடிப் பாலத்தில் பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்னில் வைத்த கையை எடுக்கவேயில்லை என்று மெசின் ஓட்டி வந்தவன் குறைப்பட்டுக்கொண்டான். மூர்த்தி காரிலிருந்து இறங்கி, மடியில் வைத்திருந்த பிளாஸ்டிக் கானை இரண்டு கைகளாலும் பிடித்தபடி கராஜ்காரர் வேர்னனுக்கு முன்னால் வந்து நின்றான். கானுக்குள் கால்வாசிக்குக் கறுத்த ஒயில் கிடந்தது.

"மிச்சமா நிண்டதக் கழட்டிக் கொண்டந்திருக்கன் அண்ணன். தொட்டுப் பாருங்க."

"அங்கால வை. முதல்ல தண்ணியக் குடி."

"இல்ல, தொட்டுப் பாருங்க. மொத்தமா மெல்லிசா எண்டு உங்களுக்குத் தொட்டாத் தெரியும்."

வேர்னன் விரலை விட்டு எடுத்துப் பெருவிரலோடு சேர்த்துத் தேய்த்தார். மொத்தமாகத்தான் இருந்தது.

"பதினாலு மாசம் நிண்ட ஒயில் மூர்த்தி. இதில ஒண்டும் சொல்ல ஏலா."

மூர்த்தி கானை நிலத்தில் வைத்தான். வைத்த பிறகும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சின்ன உப்போடையில் வாவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும் தகரக் கொட்டகைதான் வேர்னனின் கராஜ். அறுபத்தொரு வயதுப் பறங்கி மனிதர். தகப்பன் கொல்லுப்பட்டறை வைத்திருந்தவர். பன்னிரண்டு வயதில் அங்கே துருத்தி இழுக்கப் போன வேர்னன் பிறகு இரும்பை விட்டு விலகவில்லை. நகக்கண்ணில் ஏறிய கறுப்பு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகும்போதும் கூடவே போகும். மூர்த்தியின் காரும் அவர் செய்ததுதான். செய்தது என்றால் உண்மையிலேயே செய்தது.

அந்தக் கார் பிறக்கும்போது பெற்றோல் கார். எரிபொருளுக்கு ஊரே நாள்கணக்கில் வரிசையில் கிடந்த வருடம் மூர்த்தி ஓடி வந்தான். வயல் கொஞ்சம், மற்றபடி காரை வாடகைக்கு ஹயர் ஓடித்தான் குடும்பம் பார்த்தான்.

"பெற்றோல் இல்லாட்டி இதக் கோழிக்கூடாத்தான் பாவிக்கணும் அண்ணன். வயல்காரனுக்கு டீசல் குடுக்கிறாங்க. டீசல் போட ஏலுமா?"

போட்டார். நொறுங்கிய வானொன்றின் டீசல் இஞ்சினைக் கழற்றி, தாங்குகால்களை வெட்டி ஒட்டி, அந்தக் காரின் வயிற்றுக்குள் இறக்கினார். நாலு பேரையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு விமான நிலையம் போக அந்த இஞ்சினின் இழுவை காணாது என்று ஒரு டர்போவையும் பூட்டினார். புகை வெளியே போகும் வேகத்தில் சுழன்று, இஞ்சினுக்குள் காற்றை அடித்து ஏற்றும் சக்கரம் அது. நிமிடத்துக்கு இலட்சம் தடவை சுழலும். அவ்வளவு சுழற்சியையும் தாங்குவது ஒரு சின்னக் குழாயால் வரும் ஒயில் மட்டும்தான்.

"கார்ப் புத்தகத்தில பெற்றோல் எண்டு கிடக்கு, வயித்துக்க டீசல். பொலிஸ் மறிச்சா என்ன சொல்ல?" என்று மூர்த்தி கேட்டான்.

"மதம் மாறிட்டு எண்டு சொல்லு."

அன்று இரண்டு பேரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். காரை எடுத்துப் போகும்போது வேர்னன் சொன்னது ஒன்றுதான்: "பதினைஞ்சு நாப்பது நம்பர் ஒயில். வேற ஒண்டும் ஊத்தாத." மூர்த்தி அதைக் காட்போட் மட்டையில் எழுதி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தான்.

எட்டு மாதம் ஓடியது. பிறகு காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது புகை வந்தது. நின்று ஓடும்போது கடகடவென்று ஒரு சத்தம். அறுவடை நேரம். வயல் வட்டையில் ஒவ்வொரு காவல் வாடியிலும் ஒரு பெரல் ஒயில் இருக்கும். உழவு மெசின், தண்ணி இறைக்கிற மெசின், சூடடிக்கிற மெசின் எல்லாம் அந்த ஒரே பெரலில்தான் குடிக்கும். ஐம்பது நம்பர் ஒயில், சீனிப் பாணி மாதிரி மொத்தம். பழைய இஞ்சினுக்கு மொத்த ஒயில்தான் மருந்து என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். மூர்த்தி அந்தப் பெரலில் நாலரை லீற்றர் அள்ளிக்கொண்டு வந்து ஊற்றினான். சத்தம் அடங்கியது. புகையும் குறைந்தது. வேர்னனுக்குச் சொல்லவில்லை. சொன்னால் ஏசுவார்.

ஒயில் ஊற்றிய பத்தொன்பதாம் நாள் விடியற்காலையில் மனைவி புஸ்பத்துக்கு நெஞ்சுக்குள் பிசைந்தது. முதலில் வாயு என்று உள்ளி தட்டிக் கொடுத்தார்கள். வேர்த்துக் கொட்டத் தொடங்கியதும் மகள் சுலோஜனா அம்புலன்சுக்கு அடிக்கவா என்று கேட்டாள். "வாசல்ல கார் நிக்கக்க அம்புலன்ஸ் என்னத்துக்கு?" என்றான் மூர்த்தி.

பட்டிருப்புப் பாலத்துக்கு இப்பால், இரண்டு பக்கமும் வாவித் தண்ணீர் கிடக்கும் இடத்தில், விசில் அடித்தது போல ஒரு சத்தம் வந்தது. பிறகு உள்ளே எதுவோ உடைந்தது. கார் நின்றது. மூர்த்தி எத்தனை தரம் சாவியைத் திருப்பினாலும் அது அசையவில்லை. போனெடுத்து அம்புலன்சுக்குச் சொன்னார்கள். அது தூரத்தில் எங்கோ ஒரு விபத்துக்குப் போயிருந்தது. நாற்பது நிமிடம் வீதியில் ஒரு சனமில்லை. வந்தது வீடு வீடாகப் பாட்டுப் போட்டுப் பாண் விற்கிற ஓட்டோ. பாண் தட்டுகளை வீதியோரத்தில் இறக்கிவிட்டு, பெட்டிக்கு முன்னால் இருந்த இடுக்கில் புஸ்பத்தைச் சாய்த்து ஏற்றினார்கள். பதற்றத்தில் பாட்டுப் பெட்டியை நிற்பாட்ட அந்த ஓட்டுநருக்கு ஞாபகம் வரவில்லை. ஆசுப்பத்திரி வாசல்வரை அது பாடிக்கொண்டே போனது. பாண் வாங்கப் படலைக்கு வந்த பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

அரை மணித்தியாலம் முந்தி வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்று டொக்டர் சொன்னார். அவர் சாதாரணமாகச் சொன்ன வார்த்தை அது. மூர்த்தி அதை வீட்டுக்குக் கொண்டு போனான்.

செத்த வீட்டுக்கு வேர்னனும் மனைவி டல்சியும் பஸ்ஸில் போனார்கள். மூர்த்தி வேர்னனின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐம்பது ஊத்தினன் அண்ணன். உங்களுக்குச் சொல்லல்ல" என்றான்.

"விசர்க் கதை கதைக்காத. கீழ கல் அடிச்சி இஞ்சின் இறுகியிருக்கும். ஒயில் ஒண்டும் செய்யாது."

அப்போது அந்தக் கார் மாமரத்துக்குக் கீழ் நின்றது. வேர்னன் பொனற்றைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. செத்த வீட்டில் என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொன்னார்.

இப்போது பதினாலு மாதம் கழித்துக் கார் கராஜுக்கு வந்ததற்குக் காரணம் சுலோஜனா. அவளுக்கு ஏழாம் மாதம். மருமகன் கட்டாரில் வேலை.

"அம்புலன்சுக்குச் சொல்லலாம்தானே மூர்த்தி."

"அதுக்கும் சொல்லுவன். இதையும் வாசல்ல வைப்பன். ரெண்டும் நிக்கணும்." கொஞ்சம் பொறுத்து மூர்த்தி சொன்னான்: "ஆனா நீங்க முதல்ல இதத் துறந்து பார்த்து எனக்குச் சொல்லணும். நான் ஊத்தின ஒயில்தானா எண்டு. டர்போவுக்கு மொத்த ஒயில் ஏறாதாம், குளிர் நேரத்தில அந்தச் சின்னப் பைப்புக்குள்ளால போகாதாம் எண்டு ஒரு வீடியோவில சொல்றான். நூறு தரம் பார்த்திட்டன். அவளக் கொண்டது நான்தானா எண்டு தெரியாம நான் அந்தக் காருக்க இன்னொரு புள்ளைய ஏத்த மாட்டன்."

மறுநாள் காலை வேர்னன் தனியே இஞ்சினைத் திறந்தார். அடியில் கல் எதுவும் அடித்திருக்கவில்லை. டர்போவின் அச்சு இரண்டாக முறிந்திருந்தது. முறிந்த இடம் நீலம் பாரித்துக் கிடந்தது. ஒயில் இல்லாமல் சுழன்று வெந்த இரும்பின் நிறம். சக்கரத்தின் அலுமினியத் துண்டுகள் இஞ்சினின் வாய்க்குள் போய் பிஸ்டனோடு சேர்ந்து இறுகியிருந்தன. நின்றது ஏன் என்பது விளங்கியது. ஒயில் ஏன் போகவில்லை என்பதுதான் கேள்வி.

டர்போவுக்கு ஒயில் கொண்டுவரும் குழாயின் முனையில் ஒரு போல்ட் இருக்கும். சின்ன விரல் மொத்தம்கூட வராது. அதன் நடுவில் துளை. ஒயில் அந்தத் துளைக்குள்ளால்தான் போக வேண்டும். வேர்னன் அதைக் கழற்றித் துடைத்து, கண்ணுக்கு நேரே பிடித்து வானத்தைப் பார்த்தார். வெளிச்சம் தெரியவில்லை. மெல்லிய கம்பியை விட்டுக் குத்தினார். பல்லி வால் மாதிரி ஒரு துண்டு வளைந்து வெளியே வந்து உள்ளங்கையில் விழுந்தது. ஒயிலைத் துடைத்துப் பார்த்தார். சிவப்பு.

அவருடைய கம். கராஜ்காரர் எல்லோரும் ஒழுக்கு அடைக்கப் பிதுக்கிப் பூசும் சிவப்புக் கம்.

அந்தப் போல்ட்டுக்கு இரண்டு பக்கமும் செப்பு வொஷர் போட வேண்டும். அந்த வருடம் மட்டக்களப்பில் ஒரு கடையிலும் செப்பு வொஷர் இல்லை. பழைய வொஷரை நெருப்பில் போட்டுச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் செம்பு மறுபடி இளகும், திரும்பப் பாவிக்கலாம். கொல்லன் மகனுக்கு அது தெரியாத வித்தையில்லை. ஆனால் அன்று வேர்னனுக்கு நெருப்பு மூட்டப் பஞ்சியாக, சோம்பலாக இருந்தது. பத்து நிமிட வேலை. கம்மைப் பிதுக்கி, ஒழுகக்கூடாது என்று கொஞ்சம் தாராளமாகவே பூசி, போல்ட்டை இறுக்கினார். வெளியே பிதுங்கியதை விரலால் வழித்துத் துடைத்தது அவருக்கு நினைவிருந்தது. உள்ளே பிதுங்கியதை யாரும் வழிக்க முடியாது. அது காய்ந்து, எட்டு மாதம் ஒயிலில் ஊறி, ஒரு நாள் கழன்று துளைக்குள் போய்ச் செருகிக்கொண்டது.

அவர் மூர்த்தி வைத்துவிட்டுப் போன கானைப் பார்த்தார். அந்தத் துளைக்குள்ளால் ஐம்பது போயிருக்காது. பதினைந்து நாற்பதும் போயிருக்காது. மண்ணெண்ணெய் ஊற்றியிருந்தாலும் போயிருக்காது. மொத்த ஒயில் ஏறாமல் போகிற அளவுக்கு மட்டக்களப்பில் எந்த மாதம் குளிர்ந்திருக்கிறது?

பதினொரு மணிக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த டல்சி, மேசையில் கிடந்த சிவப்புத் துண்டையும் வேலை செய்யாமல் இருந்த மனிதரையும் பார்த்தாள். முப்பத்தாறு வருடம் கராஜுக்குள் தேத்தண்ணி கொண்டு வந்தவளுக்கு அதிகம் விளக்கத் தேவையிருக்கவில்லை. வேர்னன் நாலு வார்த்தையில் சொன்னார்.

"அந்த மனுசன் தன்ட ஒயில் எண்டுதானே நினைச்சுக்கொண்டிருக்கு?" என்றாள்.

"ஓம்."

"நீங்க சொல்லாட்டி ஒருத்தருக்கும் தெரியப்போறல்ல."

"அதத்தான் நானும் யோசிச்சுக்கொண்டு இருக்கன்."

டல்சி கோப்பையை அவருடைய கையில் திணித்தாள். "யோசிங்க. நல்லா யோசிங்க. சொன்னா உங்கட பேர் போகும். சொல்லாட்டி நித்திரை போகும். எது போனாலும் பக்கத்தில கிடந்து புரளுறது நான்தான்."

வேர்னன் அந்தத் துண்டை ஒரு நெருப்புப் பெட்டிக்குள் போட்டு, ஷேட் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த ஐந்து வாரமும் அது பையிலேயே இருந்தது. இஞ்சினுக்குப் புதிய பிஸ்டன் வந்தது. ஒரு டர்போ கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தது. மூர்த்தி வியாழக்கிழமைதோறும் பஸ்ஸேறி வந்தான். கையில் தடித்த மட்டை போட்ட ஒரு சீஆர் கொப்பி. அதில் முழுக்க ஒயில். எந்த ஒயில் எந்தச் சூட்டில் எவ்வளவு இளகும், மற்ற ஒயில்களோடு வைத்துப் பார்த்தால் எது மெல்லிசு, டர்போ வைத்த டீசலுக்கு என்ன எழுத்துப் போட்ட தகரம் வாங்க வேண்டும் என்று மணியான எழுத்தில் எழுதி வைத்திருந்தான். எட்டாம் வகுப்போடு வயலுக்கு இறங்கியவன். வேர்னன் அந்தக் கொப்பியைப் பாதிவரை புரட்டிவிட்டு மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"துறந்து பார்த்தீங்கதானே அண்ணன். என்ன கண்டீங்க?"

முதல் வியாழன் "இன்னும் முழுக்கக் கழட்டல்ல" என்றார். இரண்டாம் வியாழன் "பொறு, சரியாப் பார்த்துச் சொல்றன்" என்றார். மூன்றாம் வியாழன் மூர்த்தி கேட்கவில்லை. வேர்னன் சொல்லத் தயங்குவதிலேயே பதில் இருக்கிறது என்று அவன் எடுத்துக்கொண்டான். அதை வேர்னன் அவனுடைய முகத்தில் கண்டார். கண்டும் வாயைத் திறக்கவில்லை.

நாலாம் வியாழன் இருவரும் ஒயில் வாங்க றிஸானின் கடைக்குப் போனார்கள். காத்தான்குடியில் பிரதான வீதியோரம் உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவன் றிஸான். வாய்க்கு வேலி போடாத மனிதன். மூர்த்தி ஒவ்வொரு போத்தலாக எடுத்துக் கண்ணாடியைப் போட்டுப் பின்பக்கம் வாசித்தான். ஒன்றை வைத்தான். இன்னொன்றை எடுத்தான். முதலாவதைத் திரும்ப எடுத்தான்.

"என்ன மூர்த்தியண்ணன், பொண்ணா பார்க்கிறீங்க?" என்றான் றிஸான். "சாதகத்தயும் கொண்டு வந்திருக்கலாமே."

மூர்த்தி சிரிக்கவில்லை. கொப்பியை விரித்துக் காட்டினான். "தம்பி, இதில அஞ்சு நாப்பது எண்டு ஒண்டு இருக்காம். இன்னும் மெல்லிசாம். அது இதவிட நல்லதா?"

"பணக்காரக் காருக்கு ஊத்திறது அது. உங்கட கார் வான்ட இஞ்சினப் போட்ட தகரப் பெட்டி. அதுக்குப் போய் அத்தர் பூசப் பார்க்கிறீங்க."

"எனக்கு எது நல்லம் எண்டுதான் தெரியணும். தகரப் பெட்டியோ என்னவோ, அதுக்க என்ட புள்ள ஏறும்."

றிஸானுக்கு அப்போதுதான் புஸ்பத்தின் கதை ஞாபகம் வந்தது. முகம் மாறிப் போய், லாச்சியை இழுத்து எதையோ தேடுவது போல் குனிந்துகொண்டான். அதைப் பார்த்துத் தாங்க முடியாமல்தான் வேர்னன் வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் திறந்தார்.

"ஒயில் இல்ல மூர்த்தி. பழைய வான் இஞ்சின் அது. அதுட ஆயுள் அவ்வளவுதான்."

மூர்த்தி தலையை ஆட்டினான். "ஓம் அண்ணன்." பிறகு போத்தலின் பின்பக்கத்தை மறுபடி வாசிக்கத் தொடங்கினான். கடைசியில் பதினைந்து நாற்பதையே எடுத்தான்.

இஞ்சின் பூட்டி முடிந்த நாள் ஐந்தாம் வியாழன். வாவிப் பக்கமிருந்து வெயில் கொட்டகைக்குள் பாதி வரை வந்திருந்தது. அந்தச் சின்னப் போல்ட்டின் இரண்டு பக்கமும் புதுச் செப்பு வொஷர். துளைக்குள்ளால் வெளிச்சம் தெரிகிறதா என்று பூட்டுவதற்கு முன் வேர்னன் மூன்று தரம் பார்த்திருந்தார். இனி ஒயில் ஊற்ற வேண்டியது மட்டும்தான் மிச்சம்.

"நீ ஊத்து" என்று போத்தலை மூர்த்தியிடம் கொடுத்தார். அவனுடைய கையால் ஊற்றினால் அவனுக்குக் கொஞ்சம் மனம் தேறும் என்று நினைத்தார்.

மூர்த்தி மூடியைத் திருகினான். புனலை வைத்தான். போத்தலைச் சரித்தவன் அப்படியே நின்றான். ஒயில் போத்தலின் வாய்வரை வந்து நின்றது. கை வெறுமனே வேலை செய்ய மறுத்தது. அவன் போத்தலை நிமிர்த்தி நிலத்தில் வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தினான்.

வேர்னன் பைக்குள் கையை விட்டார்.

"மூர்த்தி, இதப் பார்."

நெருப்புப் பெட்டியைத் திறந்து அவன் முன்னால் நீட்டினார்.

"என்ன இது?"

"கம். நான் பூசின கம். டர்போவுக்கு ஒயில் போற ஓட்டைய இதுதான் அடைச்சிருந்தது. வொஷர் போடாம நான் கம்மப் பூசினன். நீ ஐம்பது இல்ல, என்னத்த ஊத்தியிருந்தாலும் அது நிண்டுதான் இருக்கும். பிழை உன்னில இல்ல. என்னில."

ஐந்து வாரமாகச் சொல்லிப் பார்த்த வார்த்தைகள். சொல்லி முடிய ஒரு நிமிடமும் ஆகவில்லை. அடிப்பான் என்று நினைத்தார். அடித்தால் வாங்கிக்கொள்வது என்று தீர்மானித்திருந்தார்.

மூர்த்தி அந்தத் துண்டை விரல் நுனியால் புரட்டினான். நெடுநேரம் பார்த்தான். பிறகு பெட்டியை மூடி, அதை வேர்னனின் ஷேட் பைக்குள் திரும்ப வைத்து, பையைத் தடவிவிட்டான்.

"டல்சி அக்கா சொல்லித் தந்தவவா?"

"என்ன?"

"இப்பிடிச் சொல்லச் சொல்லி."

"மூர்த்தி, நான் உனக்கு நடந்தத..."

"செத்த வீட்டில கல் அடிச்சது எண்டீங்க. றிஸான்ட கடையில பழைய இஞ்சின் எண்டீங்க. இண்டைக்குக் கம் எண்டுறீங்க." அவன் குரலில் கோபம் இல்லை. குழந்தைக்குச் சொல்வது போல் இருந்தது. "எனக்கு விளங்குது அண்ணன். ஆர் இப்பிடி அடுத்தவன்ட பிழையத் தன்ட தலையில போடுவான். நீங்க என்னப் பார்த்துப் பாவப்படுறீங்க."

"அந்த ரெண்டும் பொய். இது நிசம்."

"முந்தியும் நிசம் எண்டுதான் சொன்னீங்க."

வேர்னன் குரலை உயர்த்தினார். "டேய், கேள்றா. நான் பஞ்சிப்பட்டுச் செஞ்ச வேலை. பத்து நிமிச வேலை. அதாலதான் புஸ்பம்..." கையை நெஞ்சில் வைத்தார். "மாதா மேல ஆணையாச் சொல்றன்."

மூர்த்தி எழும்பி அவருடைய வாயைப் பொத்தினான். மண்வெட்டி பிடித்துக் காய்ப்பேறிய கை.

"சத்தியம் பண்ணாதீங்க. என்னால உங்களுக்கு அந்தப் பாவமும் வேணாம்."

கையை எடுத்துவிட்டு அவன் காரில் சாய்ந்து நின்றான். வாவியைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"நான் ஊத்தக்க புஸ்பம் பக்கத்தில நிண்டவ அண்ணன். நெல்லுக் காய வைக்க வந்தவ. 'வேர்னன் அண்ணனுக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்டுட்டு ஊத்துங்க' எண்டவ. நான் சொன்னன், 'உனக்கென்னடி தெரியும் இஞ்சினப் பத்தி' எண்டு. இவ்வளவும்தான். கல்லோ கம்மோ, நீங்க என்னத்தக் காட்டினாலும் அந்தக் கதை எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். காருக்குள்ள கிடக்கக்க அவ என்னப் பார்த்தவ. ஒண்டும் சொல்லல்ல. சொல்லியிருக்கலாம். 'சொன்னன்தானே' எண்டு ஒரு சொல் சொல்லியிருந்தா எனக்கு இவ்வளவு இல்ல."

வேர்னன் பைக்குள் இருந்த நெருப்புப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். சொல்லியாகிவிட்டது. நம்பாதது அவன்தான். தன்னுடைய பேர் போகவில்லை. அந்த நினைப்பு வந்ததும் அவருடைய நெஞ்சுக்குள் இருந்த பாரம் ஒரு கணம் கீழே இறங்கியது. இறங்கியதை அவர் உணர்ந்தார். பாரத்தைவிட அது மோசமாக இருந்தது. மறுபடி சொல்ல வேண்டும், அவன் நம்பும்வரை சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார். மூர்த்தி நிலத்தில் கிடந்த போத்தலை எடுத்து அவருடைய கையில் கொடுத்தான்.

"நீங்க ஊத்துங்க அண்ணன்."

"மூர்த்தி..."

"எனக்கு இனி ஏலா. உங்கட கையால ஊத்தினாத்தான் நான் நம்பி ஓட்டுவன். இனி இந்தக் காருக்கு உங்கட கையத் தவிர வேற ஒரு கையும் படக்கூடா."

வேர்னன் ஊற்றினார். வெயிலில் தேன் நிறத்தில் ஒயில் மெதுவாக இறங்கியது. மூர்த்தி ஒவ்வொரு போத்தலாகத் திறந்து கொடுத்தான். ஒயில் கம்பியை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். கோட்டுக்குச் சரியாக வந்ததும் நிறுத்தினார். இஞ்சின் இரண்டாவது திருப்பில் பிடித்தது. மூர்த்தி பொனற்றுக்கு மேல் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, காதைக் கொடுத்துக் கேட்டான்.

"சத்தம் நல்லாரிக்கு."

"ஓம்."

"அஞ்சாயிரம் ஓடின உடன கொண்டு வாறன். நீங்கதான் மாத்தித் தரணும்."

"அஞ்சாயிரம் வேணாம்" என்றார் வேர்னன். "மாசம் ஒருக்காக் கொண்டு வா. நான் துறந்து பார்க்கணும்."

"எல்லாம் சரியாத்தானே பூட்டியிருக்கீங்க. என்னத்துக்கு உங்களுக்குக் கரைச்சல்?"

"கொண்டு வா எண்டா கொண்டு வா."

மூர்த்தி அவரைப் பார்த்தான். பதினாலு மாதத்துக்குப் பிறகு அவனுடைய முகத்தில் ஒரு சிரிப்புத் தெரிந்தது. நன்றி சொல்லத் தெரியாதவனின் சிரிப்பு. கொட்டகைக்குள் போய், வரும்போது கொண்டு வந்திருந்த சிவப்பரிசிப் பையைத் தூக்கி வந்து வேர்னனின் காலடியில் வைத்தான்.

"அக்காட்டக் குடுங்க. எங்கட வட்டையில விளைஞ்சது. அவ கடைசியாக் காய வைச்ச நெல்லில மிச்சம். ஒருத்தருக்கும் குடுக்க மனமில்லாம வைச்சிருந்தன். உங்களுக்குத் தரலாம்."

அவன் காரை மெதுவாகத் திருப்பி, ஒழுங்கையால் பிரதான வீதிக்கு ஏற்றி, கல்லடிப் பக்கம் போனான். இஞ்சின் சத்தம் கேட்கும்வரை வேர்னன் பைக்குப் பக்கத்தில் நின்றார். பிறகும் நின்றார். டல்சி வந்து அவரையும் பையையும் பார்த்தாள்.

"சொன்னீங்களா?"

"சொன்னன்."

"என்ன சொன்னவர்?"

வேர்னன் அரிசிப் பையைத் தூக்கக் குனிந்தார். பத்துக் கிலோ இருக்கும். அவரால் அதை நிலத்திலிருந்து கிளப்ப முடியவில்லை.